அறுநூறு சுற்று, ஆயிரம் ஓம்

கழிவுத் தட்டில் கிடந்த இரண்டு நிக்கல் வளையங்களைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. டெஸ்டிங் மேசையில் நான் அளந்து முடித்ததெல்லாம் இடப்பக்கம், அளக்க வேண்டியதெல்லாம் வலப்பக்கம். வலப்பக்கம் குறைவதே இல்லை. சலிப்பில் பார்வை தட்டுக்குப் போனது. மேல் உறையில் சின்னக் கீறல் விழுந்ததற்காக ஒதுக்கப்பட்ட வளையங்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் செய்கிறது. பெரிய கம்பியில் ஓடும் கரண்டை மீட்டர் தாங்குகிற அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுக்கும் வளையம் அது. அதிலேயே ஒரு வகை, மின்கசிவைக் கண்டுபிடிப்பதற்கானது. கசிவது ஒரு துளிதான் என்றாலும் அது உணர வேண்டும். அதனால்தான் அதற்கு மட்டும் நிக்கல் கலந்த வளையம். ஒரு துளியை உணர்கிற வளையம், இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் துளியை உணராதா? ஒரு வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

இசைத்தட்டு பற்றி எனக்கு அதற்கு மூன்று மாதம் முன்புவரை ஒன்றும் தெரியாது. காலேஜில் நான் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று கரகரக்கிறது என்று திருவள்ளூர் காக்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். ஒரே ஷெட். வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்து ஊர் ஊராக அனுப்பும் ஒருவர் நடத்துகிறார். நாற்பது வயதிருக்கும், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் கரகரப்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார். அதுவரை நான் போனில்தான் பாட்டு கேட்டிருக்கிறேன். அன்று சீவாளியில் மூச்சு நுழைகிற சத்தம் கேட்டது. தவில்காரர் விரலில் மாட்டியிருக்கும் கூட்டின் தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் என்று அவர்தான் காட்டினார். ஊசியின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு கம்பிச் சுருள். தட்டின் பள்ளத்தில் ஊசி ஆடினால் சுருளும் ஆடும். அதிலிருந்து வருவது எந்த ஆம்ப்ளிஃபயரின் காதிலும் விழாத சிக்னல். நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அதைப் பத்து மடங்கு தூக்கிக் கொடுக்க வேண்டும். ஸ்டெப்-அப். இதற்கு இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வெளிநாட்டு ஜோடிதான் வருகிறது, காத்திருந்து வாங்க வேண்டும், இங்கே சுற்றுவதற்கு ஆள் இல்லை என்றார்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு ஜோடி சுத்தினு வாம்மா. என் காதுக்கு ஒத்து வந்துச்சுன்னா இங்கயே வேலைக்கு வந்துடு. இதையே பண்ணலாம்.”

அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்ல, என் நாளைச் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்குப் புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ். கேட்டில் போன் லாக்கருக்குள் போய்விடும். ஈரம் ஆகாது என்பதால் வைண்டிங் ஹாலுக்கு ஜன்னல் திறக்கிற வழக்கமில்லை. திறக்க முடியாதபடி திருகியே வைத்திருக்கிறார்கள். வெளியே மழை பெய்தால்கூட ஷிஃப்ட் முடிந்து தரை ஈரமாக இருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். ஒரு அளவு, ஒரு டிக், அடுத்த அளவு. நான்கு வருடம் இஞ்சினியரிங் படித்ததில் எனக்குத் தேவைப்பட்டது டிக் போடத் தெரிந்தது மட்டும்தான். என்னைப் போலப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு வருடம் ஆடி மாதத்தில் முடிகிறது. முடிந்ததும், வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று எல்லா ஒரிஜினலும் ஆபீஸ் பீரோவுக்குள் போகும். இரண்டு வருடம் கழித்துத்தான் வெளியே வரும். கையெழுத்துப் போடாதவர் மறுநாள் பஸ் ஏற வேண்டியதில்லை. கடைசித் தேதி ஒரு திங்கட்கிழமை.

கையில் வேறு வேலை இல்லாமல் வீட்டில் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்பா ரோலிங் மில்லில் இரும்புச் சூட்டில் நிற்பவர். பகலில் தூங்குவார், நாங்கள் சாடையில் பேசிக்கொள்வோம். அம்மா பாண்டுப் பேச்சை எடுத்தபோது நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, அப்பா எழாதபடி மெதுவாகவே சொன்னாள்.

“எல்லாரும் போட்றதுதானே. உனுக்கு மட்டும் இன்னா, கை சுளுக்கினு இருக்குதா?”

ஆக, அந்தத் திங்கட்கிழமைக்குள் காக்களூர் அண்ணாவின் காதுக்கு ஒத்துவர வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

சூப்பர்வைசரிடம் அந்த இரண்டு வளையத்தையும் கேட்டேன். தூக்கிப் பார்த்துவிட்டு, கம்மல் பண்ணிப் போட்டுக்கொள்ளப் போகிறாயா என்றார். டிரான்ஸ்ஃபார்மர் பண்ணப் போகிறேன் என்றேன். எட்டு மணி நேரம் பண்ணுவது பத்தவில்லையா என்று கேட்டு, சிரித்துக்கொண்டே கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். ‘உடைந்த வளையம் – 2’.

சுற்றுவதற்கு எங்கள் ஹாலில் கம்பி சுற்றும் அக்கா இருந்தாள். புதுவாயலில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் விரல் சும்மா இருக்காது என்று அவளே சொல்வாள். தலைமுடி போன்ற கம்பியை வளையத்துக்குள் விட்டு எடுக்கிற வேகத்தில் எண்ணிக்கை பிசகாமல் பேசவும் செய்வாள். எனக்கு முப்பதாவது சுற்றிலேயே கம்பி அறுந்தது. நாலு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சுற்றினாள், நான் எண்ணினேன். உள்பக்கம் அறுபது சுற்று, மேலே அறுநூறு. எதற்கு என்று முதல் நாள் கேட்டாள். பாட்டு கேட்க என்றேன். போன்லயே கேக்குதே என்றாள். அதோடு விட்டுவிட்டாள், நான்காவது நாள் மட்டும், நீ போய்ட்டா இந்த டேபிளுக்கு எவ வருவாளோ என்று கம்பியைப் பார்த்தபடியே சொன்னாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஹாலில் வேலைக்குச் சேர்ந்த முதல் மணி நேரத்தில் ஒரு விஷயம் மண்டையில் ஏற்றுவார்கள். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை, அதாவது வெளியே வரும் இரண்டு முனையை, ஒருநாளும் திறந்து விடக் கூடாது. திறந்து விட்டால் வோல்டேஜ் ஏறி ஏறி, தொட்டவரைத் தூக்கி அடிக்கும். நான் சேர்ந்த வாரத்தில் ஒரு முனை கழன்று பளீரென்று நீல வெளிச்சம் வந்ததை நானே பார்த்தேன். அதனால் இரண்டு முனைக்கும் நடுவில் எப்போதும் ஏதாவது கட்டியிருக்க வேண்டும். மீட்டர், இல்லையென்றால் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதுவும் இல்லையென்றால் வெறும் கம்பி. ரெசிஸ்டர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, அளவு அவ்வளவு சுத்தமாக வரும். இதற்கு ஹாலில் பெயர் ‘வாய் கட்டுவது’. அக்கா கடைசிச் சுற்றை முடித்து முனையை என்னிடம் நீட்டியபோதே கேட்டாள்.

“வாய் கட்டிட்டியாடி?”

கட்டினேன். டப்பாவில் இருந்ததில் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் கையில் கிடைத்தது. எங்கள் வேலையில் அதுவே ரொம்பப் பெரியது. தாராளமாக விட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டெஸ்டிங் மேசையின் சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டி அளந்தேன். நொடிக்கு இருபது சைக்கிளில் ஆரம்பித்து இருபதாயிரம் வரை, புள்ளி புள்ளியாக. போன் லாக்கரில் இருந்ததால் படம் எடுக்க முடியவில்லை, டிக் போடுகிற தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. பத்து மடங்கு, எங்கேயும் தூக்கல் இல்லை, எங்கேயும் சரிவு இல்லை. சூப்பர்வைசர்கூட எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். அன்று சாயங்காலம் மிஞ்சிய ரெசினைக் கலக்கி, இரண்டையும் ரெசிஸ்டரோடு அச்சில் வைத்து ஊற்றிவிட்டேன். எங்களிடம் ஒரு பொருள் முடிந்தது என்றால் ரெசினுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். காலையில் கல் மாதிரி இருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஞாயிறு. புதுவாயலில் பஸ் ஏறிப் பெரியபாளையம் போய், அங்கே மாறித் திருவள்ளூர் போக வேண்டும். ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாக யார் போவார்கள் என்று அம்மா கேட்டது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. வேன், டிராக்டர், வேப்பிலைக் கட்டோடு நடக்கிறவர்கள். ஜன்னலோரம் ஒரு அம்மா பானையை மடியில் வைத்திருந்தார், நான் என் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். இறங்கி நடந்தாலும் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஒரே இடம். எனக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த மாதிரி அடைபட்டு உட்கார்ந்தால் காலின் பெருவிரல்தான் ஆடும். டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

அண்ணா முதலில் ஒரு கஸ்டமருடைய வெளிநாட்டு ஜோடியை மாட்டி அதே நாதஸ்வரத் தட்டைப் போட்டார். அதே மூச்சு, அதே விரல் கூடு. அதை எடுத்துவிட்டு என்னுடையதை மாட்டினார்.

முதலில் சத்தமே கம்மியாக இருந்தது. வால்யூமை ஏற்றினார். நாதஸ்வரம் வந்தது, சுரம் எல்லாம் சரியாகத்தான் வந்தது, ஆனால் ஈரக் கம்பளியைப் போட்டு மூடினாற்போல. தவிலில் குச்சி படும் தொப்பிப் பக்கம் மட்டும் தொம் தொம் என்றது. விரல் கூடு ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் முழுதும் ஓடி முடியும்வரை அண்ணா நிறுத்தவில்லை. அது மரியாதை என்று எனக்குப் புரிந்தது, அதனாலேயே உட்கார முடியவில்லை.

“நாதஸ்வரக்காரரை எங்கம்மா நிக்க வச்ச? பக்கத்து ஊட்லயா?” என்றார். பிறகு சிரிக்காமல் கேட்டார், “உள்ள லோடு இன்னா குடுத்துருக்க?”

“ஆயிரம் ஓம் அண்ணா.”

“அதை எடுத்துட்டு வேற போட்டுப் பாப்போம்.”

“எடுக்க முடியாது. ரெசின் ஊத்திட்டேன்.”

அவர் அந்தப் பளபளப்பான கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கழட்டவே முடியாத மாதிரி ஏம்மா பண்ண?”

“எங்க கம்பெனில அப்படித்தான் பண்ணுவோம்.”

“இது உங்க கம்பெனி இல்லியே.”

நாளைக்குக் கடைசித் தேதி என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கொஞ்ச நேரம் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதை வைத்துத்தான் சொல்ல முடியும், இதைக் கேட்டுவிட்டு வேலையை விட்டு வா என்று சொன்னால் அது உனக்கு நான் செய்கிற துரோகம் என்றார். சுற்றின கை நல்ல கை என்றும் சொன்னார். அது அக்காவின் கை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் வடிந்திருந்தது. டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பத்து மடங்கு தூக்குகிற டிரான்ஸ்ஃபார்மரின் வெளியே என்ன கட்டினாலும், உள்பக்கச் சுற்றில் இணைந்திருக்கும் கார்ட்ரிட்ஜுக்கு அது பத்தின் வர்க்கமான நூறால் வகுபட்டுத்தான் தெரியும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆயிரத்தை நூறால் வகுத்தால் பத்து. கார்ட்ரிட்ஜின் சுருளே பத்து ஓம். அப்படியென்றால் பாதி சிக்னல் அந்தச் சுருளுக்குள்ளேயே செத்துவிடுகிறது, வெளியே வருவது மிச்சப் பாதி. குறைந்தது நூறு ஓமாவது தெரிய வேண்டும் என்று கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் போட்டிருந்ததாம், அண்ணா சொன்னார். நான் பத்தில் ஒரு பங்கு கொடுத்து அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறேன்.

டெஸ்டிங் மேசையில் ஏன் இது தெரியவில்லை? ஜெனரேட்டர் பலசாலி. எதைக் கட்டினாலும் இழுத்துக்கொண்டு போகும், களைக்காது. அந்த நேர்க்கோடும் ரெசிஸ்டர் போட்டு அமுக்கியதால் வந்த நேர்க்கோடுதான். துள்ள வேண்டியதைத் துள்ள விடாமல் பிடித்து வைத்து, பார் எவ்வளவு அடக்கம் என்று நானே மெச்சியிருக்கிறேன். என் கைக்கு ஒரு பயம் பழகிவிட்டிருந்தது. ஊசி முனையில் வரும் துளிச் சிக்னலுக்கு யாரையும் தூக்கி அடிக்கிற சக்தி கிடையாது. அதன் வாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே நாற்பத்தேழாயிரம் ஓம் இருக்கிறது, சும்மா விட்டிருந்தாலே நூறால் வகுபட்டு நானூற்று எழுபது கிடைத்திருக்கும். ஒரு வருடத்தில் ஹால் எனக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று நினைத்தபோது, சர்ட்டிஃபிகேட்டுக்கு முன்னாலேயே வேறு எதையோ பீரோவில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன். ஆபீஸில் இருந்தவர் என் ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, வெளிச்சத்தில் முத்திரையைப் பார்த்து அடுக்கினார். டிகிரி கடைசி. ஜெராக்ஸ் இருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். பீரோ மூடுகிற சத்தத்தை எதிர்பார்த்து நின்றேன், ஆனால் அவர் மூடவில்லை, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். வரிசை நீளமாக இருந்தது. அம்மா அன்று பாயசம் வைத்தாள். அப்பா குளிக்கப் போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபம் வந்தால் தள்ளிவிட்டு ஓட ஒரு கதவாவது தெரியும்.

அந்த வாரம் முழுதும் வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கம் வைத்தேன். ரெசின் கட்டியைச் சூடு பண்ணி உடைத்துப் பார்த்தேன். ரெசினோடு கம்பியும் பிய்ந்து வந்தது. வியாழக்கிழமை அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள். ஓரத்தில் துணியில் சுற்றி இரண்டு வளையம்.

“ரெண்டு ரிஜெக்ட் ஆயிருக்குது. சூப்பர்வைசர் கையில சொல்லிட்டேன், பாஸ் எழுதுவாரு. இன்னாடி முறைக்கிற, எண்ணிக்கினு வா.”

நான் முறைக்கவில்லை. ரெண்டு வருஷம் இந்த டேபிள்லதான் அக்கா இருப்பேன் என்றேன். அதுக்கு இன்னா, சாப்பாட்டு நேரம் அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டியா என்றாள். பாண்டுத் தாளை மனசுக்குள் திருப்பிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் அதில் இல்லை. வார விடுமுறையும் இல்லை.

இப்போது நூற்றுப் பத்தாவது சுற்றில் இருக்கிறோம். இந்த முறை ரெசின் கிடையாது. பருத்தி நாடா சுற்றி, ஒரு தகர டப்பாவுக்குள் வைக்கப் போகிறேன். மூடி திறக்கும். முனைகளை டப்பாவுக்கு வெளியே திருகாணியில் கொண்டுவந்து நிறுத்துவேன். காக்களூரில் முதல் தடவை எதையும் கட்டாமல் கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் நாற்பத்தேழாயிரம் மட்டும் போதும். அநேகமாக உச்ச சுரங்களில் காது கூசும், எங்கள் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால் மணி அடிக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் வரலாம். வந்தால் முப்பத்து மூன்றாயிரம் ஓம் ரெசிஸ்டரைத் திருகுவேன். அப்புறம் பதினைந்தாயிரம்; ஆம்ப்ளிஃபயரின் நாற்பத்தேழாயிரமும் பக்கத்திலேயே இணையாக நிற்பதால், கணக்குப்படி கார்ட்ரிட்ஜுக்கு நூற்றுப் பதினாலு ஓம் தெரியும். அதிலேயே நின்றுவிடும் என்று தோன்றுகிறது, ஆனால் பத்தாயிரத்தையும் பையில் வைத்திருப்பேன். ஆடி முடிந்த அடுத்த ஞாயிறு போகிறேன். அண்ணாவிடம் வேலை கேட்கப் போவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரட்டுமா என்று கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் இன்னும் நானூற்றுத் தொண்ணூறு சுற்று, அதன் பிறகு இரண்டாவது வளையம்.